அடிபட்ட தலைக்கு எவ்வளவு ஓய்வு?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மருத்துவப் பேச்சு என்றதும் சிலர் கடைசி வரிசைக்கு நகர்வது தெரிகிறது. அவர்களுக்காகவே கிரிக்கெட்டிலிருந்து தொடங்குகிறேன். 2019 ஆகஸ்ட், லார்ட்ஸ் மைதானம், ஆஷஸ் இரண்டாவது டெஸ்ட். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் 80 ரன் எடுத்து ஆடிக்கொண்டிருக்கிறார். இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து எகிறி, இடது காதுக்குக் கீழே கழுத்தில் வந்து அடிக்கிறது. ஆள் அப்படியே தரையில் சாய்ந்துவிட்டார். உள்ளே கூட்டிப்போய்ச் சோதித்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி மட்டையோடு வந்து 92இல் ஆட்டமிழந்தார். தலைவலியும் ஒரு மந்தமும் தெரிந்தது மறுநாள் காலையில்தான். அதோடு அந்த ஆட்டத்திலிருந்து அவரை விலக்கிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார். அந்த மாதம் முதல் தேதிதான் நடைமுறைக்கு வந்திருந்த விதியின்படி, கன்கஷனுக்காக, அதாவது அடியில் மூளை குலுங்கியதற்காக, டெஸ்ட் கிரிக்கெட்டில் இறங்கிய முதல் மாற்று வீரர் அவர். அடுத்த டெஸ்ட்டிலும் ஸ்மித் இல்லை. அதற்கடுத்து மான்செஸ்டரில் ஆடினார், அடித்தது 211.

அடிபட்ட அன்று நன்றாக இருந்தவருக்கு மறுநாள் வந்தது பாருங்கள், அதை முதலில் மனதில் வையுங்கள். நம் ஊரில் பந்து பட்டுத் தலை கலங்குகிறவர்கள் குறைவு. வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டுப் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த அம்மா மல்லாக்க விழுவது, குளியலறையில் வழுக்குவது, லாஃப்ட் சிலாபில் தலை இடிப்பது, இப்படித்தான் வருகிறார்கள். சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். "ஒண்ணுமில்லை, நார்மல்" என்று அனுப்புவார்கள். ஸ்கேன் பார்ப்பது ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். அவை இல்லை என்பது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் கன்கஷன் அந்தப் படத்தில் விழாது. வீட்டுக்கு வந்தவருக்கு வெளிச்சம் குத்துகிறது, குக்கர் விசில் எரிச்சலூட்டுகிறது, பேச்சின் நடுவில் வார்த்தை தொலைகிறது. "ஸ்கேன்தான் நார்மல்னாங்களே, நடிக்கிறியா?" என்ற கேள்வியும் வந்துவிடுகிறது.

நடிப்பு இல்லை. மூளை குலுங்கும்போது நரம்பு செல்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கொட்டிவிடுகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுந்துவிடுகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் கீசா, ஹோவ்டா என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் இதைத் தொகுத்து எழுதினார்கள். கொட்டியதை அள்ளிப் பழைய இடத்தில் வைக்க செல்லில் உள்ள பம்புகள் இடைவிடாமல் ஓட வேண்டும். அதற்குச் சக்தி நிறைய வேண்டும். அந்த நேரம் பார்த்து மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைகிறது. கோடை ராத்திரியில் லோ வோல்டேஜ் இருக்கும்போது தெரு முழுக்க ஏசி போட்டால் எப்படியோ, அப்படி. அதனால் முதல் ஒன்றிரண்டு நாள் சுமையைக் குறைக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அந்த ஒன்றிரண்டு நாள் எப்படி வாரங்களாக நீண்டது என்பது தனிக் கதை. விளையாட்டில் தலைக்காயம் பற்றிப் பேச உலக மருத்துவர்கள் 2001இல் வியன்னாவில் கூடினார்கள். பிறகு பிராக், இரண்டு முறை சூரிக், பெர்லின், கடைசியாக 2022இல் ஆம்ஸ்டர்டாம். ஆரம்பக் கூட்டங்களின் அறிவுரை, அறிகுறிகள் முற்றிலும் போகும் வரை ஓய்வு என்பது. உடலுக்கு மட்டுமல்ல, மூளைக்கும் ஓய்வு. நடைமுறையில் அது படிக்காதே, டி.வி. பார்க்காதே, பேசாதே என்று ஆனது. இதற்குப் பெரிய ஆதாரம் எதுவும் அன்றைக்கு இல்லை. எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டு அசையாமல் வைக்கிறோம், மூளைக்கும் அப்படித்தானே என்கிற பொதுப்புத்திதான். நல்லெண்ணம் நிறைய இருந்தது. ஆனால் பதினாறு வயதுப் பையனை இருட்டறையில் போட்டு, நண்பர்களைப் பார்க்காமல், பள்ளிக்கூடம் போகாமல் மூன்று வாரம் வைத்தால், தலையில் அடியே படாவிட்டாலும் அவனுக்குத் தலைவலியும் தூக்கக்கேடும் மனச்சோர்வும் வரும். அப்புறம் எது அடியால் வந்தது, எது அறையால் வந்தது என்று யார் பிரித்துச் சொல்வது?

அமெரிக்காவின் மில்வாக்கியில் அவசரப் பிரிவுக்கு வந்த 11 முதல் 22 வயது வரையிலான 99 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2015இல் வெளியானது. ஒரு பாதிக்கு வழக்கம்போல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, அப்புறம் படிப்படியாக வேலை. மறு பாதிக்கு ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வு. ஐந்து நாள் படுத்தவர்கள்தான் அதிகத் தொந்தரவுகளைச் சொன்னார்கள். அவர்களுக்குச் சரியாகவும் கூடுதல் நாள் பிடித்தது. மறு ஆண்டு கனடாவிலிருந்து ஒரு பெரிய கணக்கு வந்தது. 2,413 சிறுவர் சிறுமியர். முதல் ஏழு நாளுக்குள் ஓரளவு உடலை அசைக்கத் தொடங்கியவர்களில் 24.6 சதவீதத்தினருக்கு 28ஆம் நாளிலும் தொந்தரவு இருந்தது. அசையாமல் இருந்தவர்களில் 43.5 சதவீதம்.

இதைக் கேட்டதும் உங்களில் யாராவது ஒருவர் கேட்க வேண்டும்: லேசாக அடிபட்டவன்தானே சீக்கிரம் எழுந்து நடப்பான்? நடந்ததால் சரியானானா, சரியாகிக்கொண்டிருந்ததால் நடந்தானா? சரியான கேள்வி. அதற்குப் பதில் பஃபலோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஜான் லெட்டி என்ற மருத்துவரும் பேரி வில்லர் என்ற ஆய்வாளரும் பல வருஷமாக ஒரு ட்ரெட்மில் சோதனையைச் செம்மைப்படுத்தி வைத்திருந்தார்கள். அதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

அடிபட்டவரை ட்ரெட்மில்லில் ஏற்றி, மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடக்கவிடுகிறார்கள். நாம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் நடக்கிற நடை. முதல் நிமிடம் தரை சமம். பிறகு நிமிடத்துக்கு ஒரு சதவீதம் மேட்டை ஏற்றுகிறார்கள். வேகம் மாறாது, ஏற்றம் மட்டும் கூடும். ஒவ்வொரு நிமிடமும் ஒரே கேள்வி: தொந்தரவு பத்துக்கு எத்தனை? ஏறும்போது இரண்டு என்றவர், எட்டாவது நிமிடத்தில் ஐந்து என்கிறார் என்று வையுங்கள். மூன்று புள்ளி கூடிவிட்டது, நிறுத்து. அந்த நொடியில் நாடித்துடிப்பு எவ்வளவு? 140. அதுதான் இன்றைக்கு அந்த மூளை தாங்கும் எல்லை. அதில் 80 சதவீதம், அதாவது 112, அவருடைய மருந்தின் அளவு. தினம் இருபது நிமிடம், துடிப்பு அந்த அளவைத் தொடும்படி நடக்க வேண்டும், தாண்டக்கூடாது. நாள் போகப் போக எல்லை மேலே நகரும்.

2019இல் வெளியான அவர்கள் ஆய்வில் 13 முதல் 18 வயதுள்ள 103 விளையாட்டுப் பிள்ளைகள். யாருக்கு எந்தப் பயிற்சி என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள், ஆகவே நீங்கள் கேட்ட கேள்விக்கு இடமில்லை. ஒரு குழுவுக்கு இந்த அளவு பார்த்த நடை. மறு குழுவுக்குத் துடிப்பு ஏறாத, வெறுமே கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி. நடந்தவர்கள் தேறப் பிடித்தது நடுக்கணக்கில், அதாவது வரிசையின் நடுவில் இருந்தவருக்கு, 13 நாள், நீட்டி மடக்கியவர்களுக்கு 17. நான்கு நாள்தானா என்று உதட்டைப் பிதுக்கலாம். மாத்திரை எதுவும் அந்த நான்கு நாளைத் தருவதில்லை என்பதுதான் என் பதில். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் விளையாடுகிற பதின்வயதினரிடம் நடந்தவை. ஐம்பது வயதுக்காரர் அந்தக் கணக்கைத் தனக்கு அப்படியே போட்டுக்கொள்ளக்கூடாது. வழிமுறை மட்டும் அவருக்கும் அதுவே. 2022 ஆம்ஸ்டர்டாம் கூட்டமும் இதையே எழுதிவிட்டது: 24 முதல் 48 மணி நேரம் சுமை குறைந்த ஓய்வு, அந்த இரண்டு நாளிலும் வீட்டுக்குள் நடமாட்டம் உண்டு, பிறகு துடிப்பை மெல்ல ஏற்றும் நடை.

இதற்கெல்லாம் முன்னால் ஓர் எச்சரிக்கை. அடிபட்டவருக்குத் திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்பினால் எழாத தூக்கம், குழறும் பேச்சு, கை கால் தளர்வு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது, இவற்றில் எது இருந்தாலும் நடை கிடை பேச்சே வேண்டாம், அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சின்ன அடியானாலும் காட்டிவிட வேண்டும். மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியவர்களுக்குத்தான் இனி நான் சொல்வது. அப்படிப் பார்த்து அனுப்பியபின் ராத்திரி முழுக்கத் தட்டி எழுப்பி உட்கார வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தூக்கம் அவருக்கு நல்லது.

முதல் இரண்டு நாள் செல்போனை வாங்கி வைத்துவிடுங்கள். இதற்கும் கணக்கு இருக்கிறது: 12 முதல் 25 வயதுள்ள 125 பேரில், 48 மணி நேரம் திரையை விலக்கியவர்கள் தேறப் பிடித்தது நடுக்கணக்கில் மூன்றரை நாள், விலக்காதவர்களுக்கு எட்டு நாள். இரண்டு நாளுக்குப் பிறகும் பிடுங்கி வைத்துக்கொள்ள வேண்டாம், அது இன்னொரு வகை இருட்டறை.

சரி, ட்ரெட்மில்லுக்கு எங்கே போவது? தேவையில்லை. மணிக்கட்டில் கட்டைவிரலுக்கு நேர் கீழே இரண்டு விரலை வைத்தால் நாடி கிடைக்கும். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குங்கள். 220இலிருந்து வயதைக் கழித்தால் உத்தேசமாக உச்சத் துடிப்பு: நாற்பது வயதுக்காரருக்கு 180. ஆம்ஸ்டர்டாம் வழிகாட்டுதல் முதல் கட்ட நடைக்கு அதில் 55 சதவீதம் என்கிறது, அதாவது நூறை ஒட்டி. அடுத்த கட்டத்துக்கு 70 சதவீதம், 126. ரத்த அழுத்தத்துக்கு அட்டினோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொய் சொல்லும். துடிப்பை அந்த மாத்திரையே அமுக்கி வைத்திருக்கும். அவர்கள் வாயைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்: நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அளவு சரி, மூச்சு வாங்கி வாக்கியம் உடைந்தால் குறைக்க வேண்டும்.

கிளம்பும் முன் தலைவலிக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். நடையில் அது இரண்டு புள்ளி வரை கூடி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். மூளை மறுபடி காயப்படவில்லை, கொஞ்சம் முனகுகிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் கூடினால் நிறுத்திவிட்டு, மறுநாள் நேரத்தையோ வேகத்தையோ குறையுங்கள். நிறுத்துவது என்றால் அன்றைக்கு மட்டும். ஒரு தடவை தலை வலித்தது என்று பத்து நாள் படுப்பவர்கள்தான் என்னிடம் இரண்டாவது மாதத்தில் வருகிறார்கள்.

இடம் முக்கியம். நம் ஊர் மெயின் ரோட்டில் நடப்பது உடற்பயிற்சியில் சேராது. ஏர்ஹாரன், தெருநாய், பள்ளம், எதிர்த்திசையில் வரும் பைக், எல்லாவற்றுக்கும் மூளை வேலை செய்தாக வேண்டும். பள்ளிக்கூட மைதானம், மொட்டைமாடி, கூட்டமில்லாத நேரத்தில் கோயிலின் வெளிப்பிரகாரம் நல்லது. காலை ஆறு மணிக்கு முன்பின், அல்லது வெயில் தாழ்ந்தபின். தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். வெயிலில் வறண்டு வரும் தலைவலியையும் கன்கஷன் கணக்கில் எழுதிவிடப் போகிறீர்கள். கோயில் என்றதும் ஒன்று. பிள்ளை பிழைத்தால் அங்கப்பிரதட்சணம் செய்வான் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தால், அம்மாவே செய்துவிடட்டும். அவன் இப்போதைக்கு உருளக்கூடாது. பிள்ளையார் தோப்புக்கரணத்துக்கும் காத்திருப்பார்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் ஆண் தலையில் அடிபட்டால் இருட்டறை, பெண் தலையில் அடிபட்டால் அடுப்படி. பையன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் "படுடா, படுடா" என்று நாலு பேர் ஓடிவருகிறார்கள். வண்டியிலிருந்து விழுந்த மருமகள் மூன்றாம் நாள் காலையில் சட்னி அரைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால், "நீங்கதானே லேசா வேலை செய்யச் சொன்னீங்க?" சமையல் லேசான வேலை என்று யார் சொன்னது? மிக்ஸிச் சத்தம், அடுப்பின் அனல், கீழ்த்தட்டுப் பாத்திரத்துக்குக் குனிந்து நிமிர்வது, ஒரு அடுப்பில் பால், ஒரு அடுப்பில் குழம்பு, நடுவில் பிள்ளையின் டிபன் பாக்ஸ். அடிபட்ட மூளைக்கு ஆகாதவை அத்தனையும் ஒரே அறையில் இருக்கின்றன. வீடு துடைப்பது, குனிந்து கோலம் போடுவது, குடம் தூக்குவது இவையும் பின்னால் வரட்டும். அந்தப் பெண்ணுக்கு இருபது நிமிடம் தனியாக மாடியில் நடக்க நேரம் கொடுங்கள், அந்த நேரத்தில் அடுப்பை வேறு யாராவது பாருங்கள். என் சிகிச்சையில் நடைமுறைப்படுத்தக் கடினமானது இந்த வரிதான்.

இனி தளர்வுப் பயிற்சி. படுத்துக் கிடப்பவர் எல்லாம் தளர்ந்து கிடப்பதாக நினைத்துவிடாதீர்கள். அடிபட்டவர்கள் படுக்கையிலும் பல்லைக் கடித்துக்கொண்டு, தோளைக் காதுவரை ஏற்றி வைத்திருப்பார்கள். எப்போது வலிக்குமோ என்று காவல் காப்பது போன்ற இறுக்கம். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1908 வாக்கில் ஹார்வர்டில் படித்தபோது, திடீர்ச் சத்தத்துக்கு மனிதர்கள் திடுக்கிடுவதை ஆராய்ந்தார். உடம்பை நன்றாகத் தளர்த்தப் பழகியவர்கள் அவ்வளவாகத் திடுக்கிடவில்லை என்று கண்டார். சத்தம் தாங்காமல் தவிக்கிற கன்கஷன்காரருக்கு இது எவ்வளவு தேவையான செய்தி! அவர் வகுத்த முறையைச் சொல்லும் நூல் 1929இல் வந்தது. இன்றும் அதைத்தான் சொல்லித் தருகிறோம்.

இப்போதே செய்து பார்க்கலாம். வலது கையை மடியில் வையுங்கள். முஷ்டியை மடக்குங்கள், பாதி பலம் போதும். ஐந்து நொடி. முன்கையில் எங்கே இழுக்கிறது என்று கவனியுங்கள். விடுங்கள், ஒரேயடியாக. இப்போது அரை நிமிடம் எதுவும் செய்யாமல், அந்த இழுப்பு போன இடத்தையே பாருங்கள். இதே மாதிரி இடது கை, பாதம், கெண்டைக்கால், தொடை, வயிறு, தோள். முகத்துக்கு வரும்போது இறுக்க வேண்டாம், தாடையைத் தொங்கவிட்டால் போதும். கழுத்தில் வலி இருந்தால் கழுத்தை விட்டுவிடுங்கள். மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். பிடித்து நிறுத்த வேண்டாம்.

யோகா தெரிந்தவர்களுக்குச் சவாசனமும் யோக நித்திரையும் இருக்கின்றன, தாராளமாகச் செய்யலாம். கபாலபாதி, கும்பகம், சிரசாசனம், சர்வாங்காசனம் இப்போது வேண்டாம். சூரிய நமஸ்காரத்தில் தலை கீழே போய் மேலே வருகிறது, ஆகவே அதையும் தள்ளிப் போடுங்கள். "இருபது வருஷமா செய்றேன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஒரு முறை குனிந்து நிமிரச் சொல்வேன்.

நாலு வாரம் தாண்டியும் தொந்தரவு நீடித்தால், நடையை மட்டும் கூட்டிப் பயனில்லை. காரணத்தைத் தேட வேண்டும். பல பேருக்குத் தலைவலி கழுத்திலிருந்து வருகிறது. தலை குலுங்கியபோது கழுத்தும்தானே குலுங்கியது? படுக்கையில் புரண்டால் சில நொடி அறையே சுழல்கிறது என்றால் உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். அதைத் தலையை முறையாகச் சாய்த்துத் திருப்பியே இடத்தில் சேர்க்க முடியும், தெரிந்தவர் செய்தால் ஓரிரு அமர்விலேயே முடிகிற வேலை. சுவரில் ஒட்டிய ஒரு எழுத்தைப் பார்த்தபடி தலையை மட்டும் இடவலமாக அசைக்கும் பயிற்சி இன்னும் சிலருக்குத் தேவைப்படும். வலி மாத்திரையை மாதத்தில் பாதி நாளுக்கு மேல் விழுங்குகிறவர்களுக்கு மாத்திரையே தலைவலியாகிவிடுவதும் உண்டு. மனம் சோர்ந்திருந்தால் அதற்கும் மருத்துவம் இருக்கிறது, மறைக்க வேண்டாம்.

கடைசியாக, எல்லாரும் வாசலில் வைத்துக் கேட்பது: வண்டி எப்போது ஓட்டலாம்? தேதி சொல்ல மாட்டேன். வேகமாக அரை மணி நேரம் நடந்து, நடக்கும்போதே சட்டென்று வலப்பக்கம், இடப்பக்கம் திரும்பிப் பார்த்தும் தலை சுற்றவில்லையா? பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்றும் எரிச்சல் வரவில்லையா? தூக்கம் வரும் மாத்திரை எதுவும் ஓடவில்லையா? அப்போது முதலில் தெருவுக்குள், பகலில். லாரி, பஸ், ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர்கள் டாக்டர் எழுதிக் கொடுக்காமல் ஏறக்கூடாது. விழுந்தபோது போட்டிருந்த ஹெல்மெட்டை மட்டும் மறுபடி தலையில் வைக்காதீர்கள். உள்ளே இருக்கிற தெர்மோகோல் ஒரு முறை நசுங்குவதற்காகவே வைத்தது. வெளி ஓட்டில் கீறல்கூட இருக்காது, உள்ளே நசுங்கியிருக்கும். தம்பிக்கும் கொடுத்துவிடாதீர்கள், உடைத்துப் போடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.